நடத்துகிறவளுக்குப் பொட்டு கிடையாது

ஆம்பூர் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஃபரீதாவிடம் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை மொத்தமாகக் கேட்டபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் நெற்றியில் அவள் பொட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் யாரும் வைப்பதில்லை.

"இன்னா புஷ்பாக்கா, திடீர்னு?" என்றாள்.

"ஆபீஸ் வேலைக்கு."

"ஆபீஸ்ல எல்லாரும் பொட்டு வச்சிக்கறீங்களா? ஆம்பளைங்க கூடவா?"

"ஃபாரஸ்ட் ரேஞ்சர் வச்சா உனக்கின்னா. பச்சை இருந்தா ஜாஸ்தியா குடு, மெரூன் கம்மியா போதும்."

அவள் சிரித்துக்கொண்டே அட்டைகளைப் பொறுக்கினாள். நான் சிரிக்கவில்லை. கடுப்பினால் இல்லை. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எனக்கு வராமல் போய்ப் பல வருஷமாகிறது. கோபம் மட்டும் இன்னும் ஒழுங்காக வரும்.

விஷயம் இதுதான். அது 2004. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை. பாலாற்றங்கரை, ஏரி, தோல் கம்பெனிகளின் உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலம் என்று எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. காட்டோரத்துக்கு வனத்துறை, ஏரிக்குப் பொதுப்பணித் துறை, புறம்போக்குக்குப் பஞ்சாயத்து, உப்பு நிலத்துக்குக் கம்பெனி என்று ஆளுக்கொரு பொறுப்பு. மரத்துக்கு மட்டும் எல்லை கிடையாது. இந்தப் பொறுப்பாளர்களை ஒரே அறையில் உட்கார வைத்து, மரத்தை எப்படி அடக்குவது என்று சேர்ந்து முடிவெடுக்க வைக்கும் பயிலரங்குகளை நடத்துவதுதான் என் பிழைப்பு.

பெங்களூரில் எனக்கு இதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் வட்ட ஸ்டிக்கர். யோசனைகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் கொடுத்தால், பிடித்த யோசனையின் கீழே ஒட்டுவார்கள். கை தூக்கச் சொன்னால் மேலதிகாரி முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள், ஸ்டிக்கருக்கு அந்தப் பயம் இல்லை என்றார்கள். வேலூர் முழுக்கத் தேடியும் அந்த ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. அதனால்தான் பொட்டு.

முதல் பயிலரங்குக்கு வந்தவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்ததைப் பார்த்தே முகம் சுளித்தார்கள். பொதுப்பணித் துறைப் பிரிவு அலுவலர் தனகோடி, மேடை எங்கே, குத்துவிளக்கு எங்கே, சிறப்பு விருந்தினர் யார் என்று கேட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். யாருக்கும் பொன்னாடை போர்த்தப் போவதில்லை என்று தெரிந்ததும், தன் பையில் கொண்டு வந்திருந்த பொன்னாடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று காலை முழுக்க ஒரே பல்லவி. ஏரிக்குள்ளே இருப்பது என்னுடையது, ஆனால் ஆடு மேய விட்டு விதையைப் பரப்புவது பஞ்சாயத்து என்றார் தனகோடி. ரேஞ்சர் ஜெயப்பிரகாஷ், காட்டுக்குள் மரம் வந்ததே ஏரியிலிருந்துதான் என்றார். தோல் கம்பெனியின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் ரஃபி அகமது, "எங்க நெலத்துல அது ஒண்ணுதான் மேடம் பச்சையா நிக்குது, அதையும் எடுத்துட்டா வெறும் உப்புதான் தெரியும்" என்றார். சின்னவேப்பள்ளி பஞ்சாயத்துத் தலைவி கெங்கம்மாள் கடைசியாக வாயைத் திறந்தாள்.

"மரம் ஏரிக்குள்ள இருந்தா அவருது. கரை ஏறிட்டா என்னுது. வெறகா வெட்டி வித்தா மட்டும் எல்லாருது. அப்டித்தானே?"

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அது ஒரு கூட்டம் என்றே ஆனது. நான் எழுந்து நின்று, பெங்களூரில் சொல்லிக் கொடுத்ததை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். "அது அவங்களுக்குத் தெரியும், அவங்க பார்த்துக்குவாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க. வாயத் தொறந்து கேளுங்க. இங்க வந்ததே அதுக்குத்தான்." ஒவ்வொரு பயிலரங்கிலும் இதைச் சொல்வேன். மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. நடத்துகிறவருக்குக் கருத்து கிடையாது. எந்தப் பக்கமும் சாயக்கூடாது, தலையாட்டக்கூடாது, பொட்டும் ஒட்டக்கூடாது. மற்றவர்களுக்கு இது கஷ்டமான விதியாம். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் கெங்கம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியல மேடம், அதான் எல்லாரும் உன் பேச்சக் கேக்கறாங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

என் முகத்திலிருந்து எல்லாம் அழிந்துபோனது தொண்ணூற்று மூன்றில். என் குழந்தை ஜெனிஃபா பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. எனக்கும் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் இன்பசேகரன்தான் சின்னப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனார் என்று சொன்னார்கள். கூட அவருடைய பெரியப்பாவும் அப்போதிருந்த போதகரும். பெரியப்பா, அந்தப் போதகர், குழி தோண்டிய சின்னசாமி மூன்று பேரும் இப்போது உயிரோடு இல்லை. சபைப் பதிவேட்டில் பெயரும் தேதியும் இருக்கும், இடம் இருக்காது. வேறு குழந்தையும் எங்களுக்குப் பிறக்கவில்லை.

உடம்பு தேறியதும் ஒரு நாள் அவரோடு போனேன். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் சின்னவேப்பள்ளி ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அவர் முன்னால் நடந்தார். மதிலோரம் வரை போய் ஓர் இடத்தில் நின்றார். மழை பெய்து மேடெல்லாம் கரைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி மதிலடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சீமைக்கருவேலங்கன்று. அவர் நின்ற இடத்தில் நான் மண்டியிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

கன்று மரமானது. அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மதிலைத் தாண்டி ஏரிப் பக்கம் சாய்ந்தது. சில வருஷத்தில் தோட்டம் முழுக்கப் புதராகி, அந்த மூலைக்குப் போக வழியில்லாமல் ஆனபோதும், ஏரிக்கரையில் நின்றால் சாய்ந்த கிளை தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவேன். வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இடம் அவருக்குத் தெரியும், எனக்கு மரம் தெரியும், அது போதும் என்றிருந்தேன். மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலத்தை ஒழிக்கக் கூட்டம் போடுகிறவள், ஒரே ஒரு மரம் மட்டும் தப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெளியே சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது பயிலரங்கு சின்னவேப்பள்ளி சமுதாயக் கூடத்தில் நடந்தது. அன்றைக்கு முன்மாதிரி இடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் எல்லாத் துறையும் சேர்ந்து மரத்தை வேரோடு எடுத்து, மறுபடி முளைப்பதை மாதாமாதம் பிடுங்கி, ஒரு வருஷம் காபந்து பண்ணிக் காட்ட வேண்டும். சும்மா வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதராகத் துளிர்த்துவிடும், முதலில் இருந்ததைவிட மோசமாகிவிடும். அதனால் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும். பார்க்கப் போவது யார் என்பதுதான் எப்போதும் தகராறு.

ஏரி என்று தனகோடி சொன்னதும், விறகு ஏலம் எந்தத் துறைக்கு என்று சண்டை வந்தது. காட்டோரம் என்றால் மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்றார் ரேஞ்சர். கம்பெனி நிலத்துக்கு முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று ரஃபி அகமது கையை விரித்தார். சாப்பாட்டுக்கு ஆள் சைக்கிளில் போய்விட்டான், இன்னும் ஒரு அட்டையின் கீழேயும் ஒரு பொட்டும் விழவில்லை. அப்போது கெங்கம்மாள் எழுந்தாள்.

"அந்தக் கிறிஸ்துவங்க கல்லறைத் தோட்டம் இருக்குதே, ஏரியாண்ட. அத எடுத்துக்குங்களேன்."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் விடவில்லை.

"போன மாசம் ஒரு சாவு. பொட்டிய தூக்கினு உள்ள போனவங்க சட்டையெல்லாம் கிழிஞ்சி ரத்தத்தோட வந்தாங்க. நா கரை மேல நின்னு பார்த்தேன். எங்க சனம் இல்லதான், ஆனா மனசு கேக்கல. போதகரும் எங்கிட்ட மனு குடுத்திருக்காரு."

தனகோடி யோசித்தார். "அது எங்க எல்லையில வராது."

"எங்களுதும் இல்ல" என்றார் ரேஞ்சர்.

"அப்பன்னா சண்டையும் இல்ல" என்றார் ரஃபி அகமது. "ஜேசிபி எங்க கம்பெனிலேந்து அனுப்பறேன். மொதலாளி சந்தோஷமா குடுப்பாரு."

யாருடைய இடமும் இல்லை என்பதால் எல்லாருக்கும் சம்மதம். நான் மார்க்கர் பேனாவை எடுத்து, ஒரு புது அட்டையில் கல்லறைத் தோட்டம் என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது. பொட்டுகள் விழ ஆரம்பித்தன. தனகோடி தன் மூன்றையும் அங்கேயே ஒட்டினார். ரேஞ்சருக்குத் தன் வனக் காவலர்கள் பார்க்கப் பொட்டு அட்டையைக் கையில் பிடிக்கவே கூச்சம், கெங்கம்மாளே வாங்கி அவருக்கும் சேர்த்து ஒட்டினாள். எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணு ஒட்டலியா மேடம்? உங்க சபைத் தோட்டம்தானே?"

"நடத்தறவளுக்குப் பொட்டு கிடையாது."

"அது இன்னா சட்டம்?"

"பெங்களூர் சட்டம்."

நெஞ்சில் ஏதாவது வந்து அடைக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அடைக்கவில்லை. அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பெட்டி தூக்குகிறவன் ரத்தத்தோடு வரக் கூடாது. மரம் போனால் போகிறது, இடம் அவருக்குத் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பிரியாணி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனேன். முட்டை வைக்கவில்லை என்று பிரியாணிக் கடைக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன் பாவம், முட்டை என் ஆர்டரிலேயே இல்லை.

மத்தியானம் விவரங்கள் முடிவாயின. கல்லறைகளுக்கு நடுவே இருப்பதை ஆள் வைத்துக் கையால் எடுப்பது. மதிலோர வரிசைக்கு மட்டும் ஜேசிபி. அது உள்ளே வர ஏரிப் பக்கத்து மதிலை இடித்துவிட்டு, பிறகு கம்பெனி செலவில் வேலி போடுவது. கல்லோ சிலுவையோ இல்லாத குழிகளுக்கு அந்தந்தக் குடும்பத்தார் சனிக்கிழமைக்குள் சுண்ணாம்பால் வட்டம் போட்டு அடையாளம் வைப்பது. வட்டம் இருக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது. சொல்லி அனுப்பியதும் வந்த போதகர், ஆராதனையில் அறிவிப்பதாகச் சொன்னார். இவ்வளவு தெளிவான முடிவு என் எந்தப் பயிலரங்கிலும் வந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. வாரத்தில் பாதி நாள் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிடுவார். வார ஓய்வுக்கு வந்தவரிடம் சோறு போடும்போது சொன்னேன்.

"கல்லறைத் தோட்டத்த சுத்தம் பண்ணப் போறாங்க."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "மரத்தையெல்லாமா?"

"எல்லாத்தையும். கல்லு வைக்காத எடத்துக்குச் சுண்ணாம்புல வட்டம் போடணும். சனிக்கிழமைக்குள்ள."

"சரி" என்றார். மறுபடி பிசைந்துகொண்டே, "நல்லதுதான்" என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமை ஜோலார்பேட்டையிலிருந்து பாசஞ்சரில் வந்து ஆம்பூரில் இறங்கிப் போட்டுவிடுவார் என்று நான் இருந்தேன். அன்றைக்கு எனக்குச் சத்துவாச்சாரி ஆபீஸில் அட்டை, பேனர், ஜேசிபி டிரைவருக்குச் சாப்பாடு என்று தலைக்கு மேல் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தேன். கெங்கம்மாளின் ஆட்கள் நடுவழியைக் கையால் வெட்டித் திறந்திருந்தார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு உள்ளே நடக்க முடிந்தது. அங்கங்கே வெள்ளை வட்டங்கள். மதிலோரம், என் மரத்துக்கு முன்னால், அன்றைக்கு அவர் நின்று நான் மண்டியிட்ட இடத்தில் ஒரு வட்டம் இருந்தது. சின்ன வட்டம், குழந்தைக்குப் போடுகிற அளவு. அப்பாடா என்றிருந்தது. நிஜமாகவே அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வருஷத்தில் எனக்குத் தோன்றிய நல்ல உணர்ச்சி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சாயங்காலம் போன் பண்ணியபோது அவரிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்றிருந்தேன். அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. மதில் ஒரே இடியில் சரிந்தது. துறை ஆட்கள் எல்லாம் ஒன்றாக நின்று டீ குடித்தார்கள். முதல் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் இவர்கள். தனகோடி தன் பையில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பொன்னாடையைக் கடைசியில் ஜேசிபி டிரைவருக்குப் போர்த்திவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

என் மரத்தருகே வந்ததும் ரேஞ்சர் என்னைப் பார்த்தார். "மேடம், இந்த ரெட்டை மரம் வட்டத்துக்குக் கிட்ட இருக்கு. எடுக்கலாமா, விட்டுடலாமா?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் வட்டம் இருந்ததே. மரத்தின் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"வட்டத்தத் தொடாம எடுங்க சார். குழு முடிவுதானே."

அது சுலபமாக வரவில்லை. இரண்டு முறை வாளி நழுவியது. மூன்றாம் முறை, மதிலுக்கு வெளியே சாய்ந்திருந்த கிளை முதலில் ஆடி, பிறகு முழு மரமும் ஒரு பக்கமாகப் படுத்தது. வேரோடு சிவப்பு மண் வந்தது. பள்ளத்தை மூடி ஜேசிபி மட்டம் தட்டியது. கெங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி நிக்கற?"

"வெயிலு" என்றேன்.

"வெயிலா இது?" என்று வானத்தைப் பார்த்தாள். மேகம் கட்டியிருந்தது. 

முன்மாதிரி இடத்து வேலை நன்றாக நடந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வனக் காவலர்கள் ஒரு மாதம், ஏரி ஆட்கள் ஒரு மாதம் என்று முறை வைத்து வந்து, முளைத்த கன்றுகளைப் பிடுங்கினார்கள். உள்ளே போக வழி கிடைத்ததும் ஜனங்கள் தங்கள் குழிகளைத் தேடி வந்தார்கள். செங்கல் வைத்தார்கள், சிமெண்டு பூசினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து தலைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சென்னையிலிருந்து எங்கள் ஆபீஸுக்குப் பாராட்டு வந்தது. அடுத்த வருஷத்துக்கும் எனக்கு வேலை உறுதியானது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அவர் சாமந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வந்திருந்தார். மழை விட்டிருந்த காலை. ஏரியில் தண்ணீர் கொஞ்சம் நின்றது. தோட்டம் முழுக்க ஜனம், குழந்தைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். மதில் இருந்த பக்கம் வேலி போட்டிருந்தார்கள். வட்டம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டு சிலுவை நின்றது. அவர்தான் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: ரோஹன். கீழே 1991 என்று போட்டிருந்தது.

"யாருங்க ரோஹன்?" என்றேன்.

அவர் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சுண்ணாம்பு போட்டது எங்க?"

"நானா? நீங்கதானே போட்டீங்க. இங்க."

"நா வரவே இல்லையே புஷ்பா. அந்த வாரம் முழுக்க டூட்டி. நீதான் இங்கயே வேலையா இருக்கியே, நீ போட்டிருப்பன்னு இருந்தேன்."

"எடம் உங்களுக்குத்தானங்க தெரியும்."

அவர் பூப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எனக்கு எப்டித் தெரியும்?" என்றார். "என்னை உள்ள விடலயே. தலப்புள்ளைக்குப் பெத்தவன் மண்ணு போடக் கூடாதுன்னு பெரியப்பா கேட்டாண்டயே நிறுத்திட்டாரு. பொட்டிய என் கையிலேந்து வாங்கினு அவரும் போதகரும் உள்ள போனாங்க. நா ரோட்டுல நின்னேன்."

"அப்ப அன்னிக்கு? நீங்கதானே முன்னாடி நடந்து போய் நின்னீங்க."

"அதுக்கு மேல நடக்க முடியல. அதான் நின்னேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ டக்குனு மண்டி போட்ட. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப பெரியப்பா உங்கிட்ட எடத்தச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அப்பறம் அந்த மரத்தையே பார்த்தினு இருந்தேன். வண்டியில போறப்ப வர்றப்ப எல்லாம்."

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன பெரியப்பா மேல் வந்தது, கேட்டில் நின்றுவிட்ட இவர் மேல் வந்தது. வாயைத் திறந்து கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த என் வாய் மேல்தான் அதிகமாக வந்தது. எத்தனை வருஷம் யாரோ பெற்ற பிள்ளைக்கு அழுதிருக்கிறோம் என்று நினைத்தேன். பிறகு, அழவும் இல்லையே, நான் எங்கே அழுதேன் என்று தோன்றியது. கோபமும் அதோடு போய்விட்டது.

பின்னால் ஒரு பெண் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். கூட அவள் அம்மா. எங்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். "கொஞ்சம் நவுந்துக்கறீங்களா? எங்க தம்பி" என்றாள். நகர்ந்துகொண்டோம். அவள் ரோஹனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளுக்கு அந்த இடத்தில் சந்தேகமே இல்லை.

தோட்டம் இப்போது இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சுத்தமாகத் தெரிந்தது. புதர் இருந்தபோது, உள்ளே எங்கேயோ இருக்கிறாள் என்றாவது இருந்தது. இப்போது பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. சிலுவை வைத்தவை, வட்டம் அழிந்துகொண்டிருப்பவை, நடுநடுவே வெறும் தரை. நான் நடத்திய பயிலரங்குகளிலேயே உருப்படியாக முடிந்தது இது ஒன்றுதான்.

அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றார். போகிற வருகிறவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாம எங்க நிக்கறது புஷ்பா?" என்றார்.

நான் கொஞ்ச தூரம் நடந்தேன். வேலிக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் நடுவே சிலுவையும் வட்டமும் இல்லாத ஒரு துண்டுத் தரை இருந்தது. அங்கே போய் நின்றேன்.

"இங்கதான்" என்றேன்.

"நிஜமாவா?"

"இங்கதான். எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியாது என்று இத்தனை வருஷத்தில் அவருக்கும் தெரிந்திருக்கும். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஈரத் தரையில் மண்டியிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். தலைமாடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பூவை வைத்தார்.